ட்ரிப் பி

நெல்பேட்டையில் பக்ருதீன் கடைச் சாக்கிலிருந்து
எழுநூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர்.
அடிபட்ட பல்சருடையது. கண்ணாடியில் கீறல்,
இடது பக்கத்துக் காது உடைசல்.
"ஓடுமா பாய்?"
"ஓடிக்கிட்டு இருந்ததுதான்" என்றார்
மீதிச் சில்லறையை எண்ணியபடி.

என் வண்டி ஆர்எக்ஸ். பாதி இரும்பு, பாதி தவணை.
கேபிள் சுற்றி முள் ஆடும் பழைய வட்டம்
போன ஆடியில் அறுபதில் மாட்டிக்கொண்டது.
அதன்பின் டீக்கடையில் நிற்கும்போதும்
அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பதினாறு வயர். படம் கிடையாது.
வில்லாபுரம் மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி
கால்களைக் கொசுவுக்கு எழுதி வைத்துவிட்டு
மல்டிமீட்டர் முனையை ஒவ்வொன்றிலும் வைத்து
கீ என்கிறதா என்று காது கொடுத்தேன்.
கறுப்பில் மஞ்சள் கோடு, எர்த்து.
பழுப்பு, உயிர்.
வெள்ளையில் சிவப்புக் கோடு எதற்கும் இல்லை,
அல்லது என்னிடம் சொல்லவில்லை.

தாங்கிப் பிடிக்கத் தகடு வேண்டும்.
அக்கா கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டை அறுத்தேன்.
'ப. இருளாயி, கீழக்குயில்குடி' என்று பொறித்திருந்ததில்
குயில் வாசலில் ரம்பம் இறங்கியது.
இப்போது மீட்டருக்கு முதுகில்
ஹெட்லைட்டுக்கு மட்டும் தெரிகிற மாதிரி
'ப. இருளாயி, கீழக்கு'.
அக்கா இன்னும் தட்டைத் தேடுகிறாள்.

இந்த ரகத்து டேங்கில் மிதவை கிடையாது.
பெட்ரோல் கட்டம் மினுக்கி மினுக்கிக் கெஞ்ச
வாயை அடைக்க ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன்.
அன்றிலிருந்து எந்நேரமும் பாதி டேங்க்.
என் பர்ஸுக்குள்ளும் ஒன்றைச் சொருகலாம்.

மூன்றாம் நாள் பேட்டரி கொடுத்ததும்
நீலமாய் விழித்தது.
மொத்தம் 41,387.
ட்ரிப் ஏ, பூஜ்யம்.
ட்ரிப் பி, 212.4.

பொத்தானை மூன்று வினாடி அழுத்தினால் போய்விடும்.
விரலை வைத்தேன்.
மதுரையிலிருந்து கோயமுத்தூர் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.
போய்ச் சேர்ந்த கணக்கா, சேரப் போகிறபோதா?
இல்லை, ஒரு டேங்குக்கு எவ்வளவு தருகிறது என்று
குறித்துவைக்கிற கஞ்சனா?
பக்ருதீனுக்குப் போன் போட்டேன்.
"லாட்டுல வந்ததுய்யா.
நான் வண்டியத்தான் வாங்குறேன், ஆளையா வாங்குறேன்?"
கொஞ்சம் பொறுத்து அவராகவே,
"நல்லாத்தான் இருப்பான்."

விரலை எடுத்துவிட்டேன்.

பின்சக்கர ஸ்பிராக்கெட்டில் காந்தம், எதிரே சென்சார்.
ஒன்று ஒட்டினால் ஆமை, ஆறு ஒட்டினால் ராக்கெட்.
மூன்றோடு ரிங் ரோட்டுக்குப் போனேன்.
தினகர்லால் தன் புது வண்டியில் இணையாக வந்தான்.
ஹெல்மெட்டுக்குள் கத்தியதைக் காற்று தின்றது,
கையை விரித்துக் காட்டினான். ஐந்து விரல். ஐம்பது.
என்னுடையது முப்பத்தெட்டு.
ஓரங்கட்டி, பசை காயும்வரை வெள்ளரிக்காய் தின்று,
நாலாவது காந்தத்தோடு மறுபடியும் விரகனூரிலிருந்து.
ஐந்து விரல். ஐம்பத்தொன்று.
ஒன்று கூடினால் கூடட்டும்,
மதுரைக்காரன் வாய்க்கு அதுவே குறைச்சல்.

இருட்டியபின் யானைமலை கண்ணில் பட்ட இடத்தில்
இருமிவிட்டு நின்றது வண்டி.
மீட்டரில் பாதி டேங்க்.
டேங்கை ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.
லால் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.
பிறகு தன் வண்டியிலிருந்தே ஒரு காலை நீட்டி
என் ஃபுட்ரெஸ்டை உதைத்தபடி தள்ளிக்கொண்டு வந்தான்.
எஞ்சின் செத்தாலும் சக்கரம் சுற்றுகிறதே,
நாலு காந்தமும் விடாமல் எண்ணின.

அப்போதுதான் கீழ்வரிசையைப் பார்க்கிறேன்.
239.8.
நாள் பூராவும் ஓடியிருக்கிறது,
அவன் விட்ட இடத்திலிருந்து.
கோயமுத்தூர் எப்போதோ தாண்டியாயிற்று.

"பங்க் வந்திருச்சா? அங்கிட்டு என்ன தெரியுது?"
பின்னாலிருந்து லால்.
ஒத்தக்கடை விளக்குகள் தெரிந்தன.
"வாளையார் செக்போஸ்ட்" என்றேன்.
"மிதிடா."